மூன்று குரல் பாஷை

ஜப்பான்காரன் பிடித்த சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாறிய மறுவருடம் நான் ஒரு பாஷை செய்தேன். சமைக்க மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில் ஒரு பெண்பிள்ளை வேறு எதைத்தான் செய்வாள்?

எல்லாம் நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி வகுப்பில் தொடங்கியது. வாத்தியார் 'தெஸு' என்று எழுதுவார். வாயால் சொல்லும்போது கடைசி உகரம் வெறும் காற்றாகப் போய்விடும். ஓர் உயிரெழுத்து இவ்வளவு சேட்டை செய்யுமானால், அதை இன்னும் கொஞ்சம் ஆட விடலாமே என்று தோன்றியது. வகுப்பில் இருந்த தணிகாசலத்திடம் சொன்னேன். டன்லப் ஸ்ட்ரீட்டில் எங்கள் மாடியிலேயே, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த தையல்காரர். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் பாஷையில் எல்லாச் சொல்லும் உயிரில்தான் முடியும். அந்த உயிரைத் தெளிந்த குரலில் விட்டால் ஒன்றைச் சொல்கிறோம். அடுப்பு ஊதுவதுபோல் மூச்சைக் கலந்து விட்டால் கேட்கிறோம். தொண்டையை இறுக்கிக் கரகரவென்று விட்டால், இல்லை அல்லது மாட்டேன். 'கமா' என்றால் சாப்பிட்டேன். மூச்சு கலந்த 'கமா', சாப்பிட்டாயா? கரகரத்த 'கமா', பட்டினி. அந்த வருடம் அதிகம் பேசியது கடைசியைத்தான்.

ஒரே ஒரு கோளாறு. கிசுகிசுத்தால் மூன்று குரலும் ஒரே காற்றாகிவிடும். ரகசிய பாஷை என்று செய்துவிட்டு, பலகை அதிரக் கத்த வேண்டியதாயிற்று! அப்பா கோவிந்தசாமி அதை நிப்பொங்கோ பாடம் என்றே நினைத்துக்கொண்டார். பாஷை தெரியாமல் காவல் சிப்பாயிடம் அறை வாங்கியவர் அவர். "நல்லா படிம்மா, வெளியில உதவும்" என்பார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பார். தூங்குகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ரங்கூன் ரோட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஜப்பானியர் ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் அரிசிச் சோறு. அப்பா வாக்குக் கொடுக்கத் துடித்தார். தணிகாசலமோ, "அப்பாகிட்ட பொண்ணு கேக்கறேன், கேக்கறேன்" என்று நாளைக் கடத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். கிழங்கு வடையைக் கடித்தபடி மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "பொண்ணு நிப்பொங்கோ பிரமாதமா பேசுமாமே? கொஞ்சம் பேசட்டுமே."

இன்று விட்டால் ரங்கூன் ரோடுதான். தடுப்பைப் பார்த்துத் திரும்பி, மூச்சைக் கலந்து உரக்கக் கேட்டேன்: என்னைப் பெண் கேட்க வருகிறாயா? எங்கள் பாஷையில் நீங்கள் என்பதே கிடையாது, நல்லவேளை. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பிக் கரகரத்தேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. பிறகு தெளிந்த குரலில் ஒரு சொல் வந்தது.

மாப்பிள்ளை புருவத்தை உயர்த்தினார். "மாமா, இது நிப்பொங்கோ இல்லியே."

அப்பா எழுந்தே விட்டார். "இல்லியா? அப்போ ஒரு வருஷமா கண்ண மூடிக்கிட்டு நான் படிச்சது என்ன? பக்கத்து வீட்டுத் தம்பிய, 'என்னைப் பொண்ணு கேட்டு வர்றியா'ன்னு கேட்டா. அவன் 'வர்றேன்'னான். உங்கள மாட்டேன்னுட்டா. மங்களம், சரிதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், வாய்விட்டுச் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. இருவரும் கிளம்பிப் போனார்கள். வாசலில் அளவு நாடா கழுத்தில் தொங்க தணிகாசலம் நின்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பயந்தே போனேன். "இதை எத்தனை பேரு பேசறீங்க?"

"ரெண்டு பேர்தான்ப்பா. உங்களோட சேர்த்து மூணு."

அவர் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். உதட்டைக் கவனமாகக் குவித்து, மூச்சைக் கலந்து, "கமா?" என்றார்.

தணிகாசலம் கரகரத்தார்.

மாப்பிள்ளை தொடாத வடைத் தட்டை அப்பா அவர் பக்கம் தள்ளினார். "உள்ள வா தம்பி. மூணு பேரு பேசற பாஷைக்கு நடுவுல ஒரு தடுப்பு எதுக்கு?"