நடுவயது

பாறைக்காரர் எவரையும் எளிதில் நம்பமாட்டார். மனைவி காய் நறுக்க வாங்கிய கத்தியைக்கூட முதலில் தன் நகத்தில் வைத்துப் பார்த்தவர். தன் புத்தியை மட்டும் நம்பினார். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அவர் ஆராய்ந்த பள்ளத்தாக்கின் இரு கரையிலும் இருப்பவை ஒரு காலத்தில் வேறு வேறு நிலங்கள். ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து மோதி ஒட்டிக்கொண்டன. ஒரே மோதல்தான் என்று நிலவியல் துறையில் மூத்தவரான பெரியவர் எழுதிவைத்திருந்தார். அவர் எழுதியதை மற்றவர்கள் வேதம்போல ஒப்பித்தார்கள். பாறைக்காரர் மட்டும் நிலம் உண்டானதற்கும் அந்த மோதலுக்கும் நடுவே, சுமார் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், இன்னொரு மோதல் நடந்தது என்று சாதித்தார். காரியாலய நடையில் அவருக்கு ‘ரெண்டுமோதல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் மாநாடு. சான்றோடு போகாவிட்டால் அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெறவேண்டும்.

சான்று மணலைவிடச் சிறிய ஜிர்கான் படிகங்களில் இருந்தது. அவற்றுக்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். மோதலில் பாறை மறுபடி சூடாகி வெந்தால் பழைய படிகத்தின்மேல் புதுத்தோல் வளரும். உள்ளே கரு, வெளியே தோல். இரண்டுக்கும் வயது வேறு. லேசரால் ஒரு குழி தோண்டி, வரும் புகையை அளக்கும் இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள்.

இயந்திரத்தை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

“மாமா, பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நூத்தம்பது கோடி, நூத்தறுபது, நூத்துமுப்பது... எல்லாம் நடுவுலதான். என்ன, கொஞ்சம் சிதறிக் கெடக்கு.”

“சிதறல்னு சொல்லாதே. கொத்துன்னு சொல்லு.”

“பேரை மாத்துனா ஆள் மாறிடுவானா மாமா? லேசரக் குறுக்கி இன்னொரு தடவ அடிக்கலாமா?”

“குறுக்குனா புகை கம்மியாகும், எண் ஆடும். அகலமா அடிச்சாத்தான் நிக்கும். நீ மெஷினப் பாரு மச்சான், கல்ல நான் பாக்குறேன்.”

அன்று மாலை வீட்டில் ஒரே சிரிப்பு. முகத்தைக் காட்டினால் வயது சொல்லும் ஏதோ ஒன்றை மகள் கைப்பேசியில் இறக்கியிருந்தாள். தாயும் மகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏங்க, இங்க பாருங்க, எனக்கு முப்பத்தஞ்சாம்! இனிமே என்னைக் கெழவின்னு சொன்னா சோறு கெடையாது.”

“அம்மா, ஆசையப் பாரு! அது நம்ம ரெண்டு மூஞ்சியையும் ஒண்ணா எடுத்துக்கிச்சு. உன் அம்பதையும் என் இருபதையும் சேத்துப் பாதியாக்கிருச்சு. இந்த வீட்ல முப்பத்தஞ்சு வயசுல யாரு இருக்கா? பூனையா?”

“போடி, வயித்தெரிச்சல் புடிச்சவளே.”

பாறைக்காரர் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, சட்டையைத் தேடினார்.

“கல்லுங்க கூப்பிட்டிருக்கும்,” என்றாள் மனைவி.

ஆனால் அவர் போகவில்லை. போட்ட சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். பார்க்காதவரை இரண்டு மோதல்தானே.

காலையில் போய்ப் படிகங்களின் படங்களைத் திரையில் பெரிதாக்கினார். கரு இருட்டாகவும் தோல் வெளிச்சமாகவும் தெரிந்தது. ஒவ்வொரு குழியும் இரண்டின் எல்லையில், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் கிடந்தது. கருவை அதிகம் கடித்த குழி மூத்த வயதைச் சொல்லியிருந்தது, தோலை அதிகம் கடித்தது இளைய வயதை. படங்கள் முன்பே வந்தவைதான். எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் படத்தை எவன் பார்க்கிறான்?

“மச்சான், லேசரக் குறுக்கு. கருவுல ஒண்ணு, தோல்ல ஒண்ணுன்னு தனித்தனியா அடி.”

“எண் ஆடுமே மாமா?”

“ஆடட்டும்.”

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கருவெல்லாம் இருநூற்றைம்பது கோடிக்குப் பக்கம், அந்த நிலம் முதலில் உண்டான காலம். தோலெல்லாம் ஐம்பத்தைந்துக்குப் பக்கம். நடுவில் ஒன்றுமில்லை. அங்கே எந்த நிலமும் எதன்மேலும் மோதவில்லை.

மச்சான் இயந்திரத்தை அணைத்தான்.

பாறைக்காரர் பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, ஒரே மோதல்தான். மாநாட்டுல நானே சொல்லிடுறேன்.”

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. “எனக்கு அப்பவே தெரியும் தம்பி.”

“உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க நம்புனீங்க. நானும் நம்புனேன். இப்பத்தான் தெரியும்.”

இணைப்பைத் துண்டித்தார். எழுதி வைத்திருந்த உரையை எடுத்து, தலைப்பில் ‘இரு’ என்ற சொல்லை அடித்து, ‘ஒரு’ என்று மாற்றினார். மற்றதை எல்லாம் முதலிலிருந்து எழுதவேண்டியிருந்தது.