மடிக்காத கடற்பாசி

கடையைத் திறந்ததிலிருந்து யோனோக் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிச்சோலுக்கு அனுப்பிய செய்தியின் பக்கத்தில் ‘1’ என்ற எண் அப்படியே நின்றது. அவன் படித்திருந்தால் அது மறைந்திருக்கும். திறக்காமலே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டானோ?

துறைமுக நகரமான பூசானை அடுத்த கீஜாங் சந்தையில் அவள் காய்ந்த கடற்பாசி விற்கிறாள். அவள் மனம் வைத்திருக்கும் கிச்சோல் மீன் லாரி ஓட்டுகிறவன். வந்தால் வருவான், போனால் வாரக்கணக்கில் பேச்சிருக்காது. எங்கே தங்குகிறான் என்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் மேலே கேட்கமாட்டாள். “நீ இன்ச்சோன்ல இருந்தா நல்லாருக்கும்” என்று ஒருமுறை சொன்னான். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடையை விட்டுவிட்டு, நாட்டின் மறுகரையில் இருக்கும் அந்த ஊருக்கே போய்விட முடிவு செய்திருந்தாள். அவள் முடிவைக் கேட்க இன்று மதியம், கடையை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர் வருகிறார்.

“போனுக்குள்ள என்னடி, முட்டை பொரியுதா?” என்றாள் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு விற்கும் மால்சுக்.

“வண்டி ஓட்டறப்ப எப்படிக்கா படிப்பாரு?”

“மூணு நாளாவா ஓட்டறாரு? அப்ப இன்ச்சோனத் தாண்டிக் கடல்ல இல்ல இறங்கியிருப்பாரு.”

யோனோக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மால்சுக் தனியாக இருப்பவள். யோனோக்கின் நல்வாழ்வு பொறுக்காமல் பேசுகிறாளோ? சந்தையில் எல்லோர்மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவனைப் பற்றி வரும் சந்தேகத்தை மட்டும் அவளே அதட்டி உட்கார வைத்தாள்.

மதியத்துக்கு முன் லாரி வந்து நின்றது. கிச்சோல் இறங்கி வந்தான். செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“நல்லதா, நீளமா ஒரு கட்டு குடு. எங்க முதலாளிக்குப் பிறந்தநாள்.”

எப்போதும் ‘தங்கக் கடையா வெச்சிருக்க’ என்று வம்பு செய்து விலை குறைப்பவன், இன்று விலை கேட்காமலே பணத்தை வைத்தான். அவள் ஒரு கட்டை எடுத்துப் பைக்குள் அடங்குவதற்காக மடிக்கப் போனாள். அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“மடிக்காத. உடையாமப் போகணும்.”

யோனோக்கின் கை நின்றது. பிறந்தநாளன்று குடிக்கும் கடற்பாசி சூப்புக்கு மடித்தால் என்ன, நொறுக்கினால் என்ன? பிள்ளை பெறப்போகிறவளுக்கு, பெற்றதும் சூப் வைத்துக் கொடுக்க வாங்கும் கடற்பாசியைத்தான் மடிப்பதில்லை, உடைப்பதில்லை, பேரம் பேசுவதில்லை. பிரசவம் சுகமாக நடக்க வேண்டும் என்பதற்காக. அவனுக்கு அது தெரிந்திருந்தது. விற்கிறவளுக்கும் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை. அவளைப் பற்றி அவன் அந்த அளவுகூட நினைத்ததில்லை.

“எப்போ?”

“என்ன எப்போ?”

“உங்க வீட்ல பிரசவம்.”

அவன் லாரியைப் பார்த்தான். “அடுத்த மாசம். உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்…”

அவள் அந்தக் கட்டை வைத்துவிட்டு, அதைவிட நல்லதாக ஒன்றை எடுத்தாள். மடிக்காமல், இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டினாள்.

“பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? பத்திரமா எடுத்துட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

லாரி போனதும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உரிமையாளர் வந்தார்.

“என்னம்மா, எப்போ காலி பண்றே?”

“பண்ணலை சார். கடை எங்கிட்டயே இருக்கட்டும்.”

அவர் போனபின் மால்சுக் ஒரு கோப்பையில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நீ சொன்னப்பல்லாம் உன்னத்தான் சந்தேகப்பட்டேன்க்கா” என்றாள் யோனோக். “அந்தாளுக்குப் பதிலா நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒருத்தனுக்காக நாமளே சாக்கு தேட ஆரம்பிச்சா, அன்னிக்கே எழுந்து வந்துடணும்.”

கைபேசியில் அந்த ‘1’ இன்னும் நின்றது. அவள் செய்தியை அழித்துவிட்டு, எதிரே வந்து நின்ற பெண்ணிடம், “பிறந்தநாளுக்கா, பிரசவத்துக்கா?” என்று கேட்டாள்.