பார்க்காத படத்துக்கு வாசித்தவள்

சங்கீத நோட்டுத் தாள் முன்னால் இல்லாமல் பியாட்ரிஸ் ஒரு கட்டையையும் தொட்டதில்லை. மாதா கோவில் ஆர்கனில் பல வருஷமாக வாசித்த பாட்டுகளுக்கும் தாளை விரித்துவைத்தே உட்காருவாள். மனப்பாடம்தானே என்று யாராவது கேட்டால், மனம் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம்பத்தக்கதன்று என்பாள்.

அந்தச் சனிக்கிழமை, கண்டோன்மெண்டு பயாஸ்கோப்புக் கொட்டகையில் அவளுக்குப் பரீட்சை. படங்கள் பேசத் தொடங்காத காலம் அது. திரையில் ஓடுவதற்கேற்ப ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். முன்பு வாசித்தவர் மதராஸுக்குப் போய்விட்டார். மாலைக் காட்சி நன்றாக அமைந்தால் அந்த இடம் அவளுக்கு. அமையாவிட்டால் மைசூரில் ஒரு கான்வென்டில் சங்கீத ஆசிரியை வேலை. தங்க அறை, வேளைக்குச் சாப்பாடு. அடுத்த வருஷம் எந்தக் கிழமை எந்தப் பாட்டு என்பது உட்பட அங்கே யாவும் தீர்மானமாகியிருந்தன. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது கொட்டகை.

கொட்டகையின் வழக்கப்படி, படப்பெட்டி காலை ரயிலில் வரும். வாசிப்பவருக்கு மட்டும் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார்கள். அவர் காட்சிக்கேற்ற தாள்களை அடுக்கிக்கொள்வார். அன்று ரயில் தாமதம். ஜனங்கள் வந்து உட்கார்ந்த பின்பே பெட்டி வந்தது.

"பேக, பேக!" என்று பெட்டிக்காரனைக் கன்னடத்தில் விரட்டிவிட்டு, மானேஜர் சேஷகிரி ஐயர் அவளிடம் வந்தார். "போட்டுக் காட்ட நேரமில்லேம்மா. வாசல்ல போஸ்டர் ஒட்டியிருக்கு, பாத்துக்கோங்கோ."

"போஸ்டரைப் பாத்தே வாசிக்கச் சொல்றீங்களா சார்?"

"ஜனங்க மட்டும் கதை தெரிஞ்சுண்டா வந்திருக்கா?"

போஸ்டரில் ஒரு தோட்டம், குடை பிடித்த சீமாட்டி, மண்டியிட்ட துரை. பியாட்ரிஸ் முறைப்படி அனுமானித்துத் தோட்டம், நடனம், ஊடல், கல்யாணம் என்று தாள்களை அடுக்கினாள். அவளுடைய பெரியம்மா மகன் ஓஸ்வால்ட், கொட்டகையின் பிடில்காரன், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"மைசூர் வண்டிக்கு ஜட்கா சொல்லிடட்டுமா தங்கச்சி?"

"உன் வில்லைப் பாருண்ணே."

தோட்டம் வந்தது. அடுத்து ஒரு தேவாலயத்தின் கதவு தெரிந்தது. தன் அனுமானத்தில் திருப்தியுற்று அவள் கல்யாண இசையைத் தொடங்கினாள். கதவு திறந்தது, சவப்பெட்டி வெளியே வந்தது.

"இன்னாம்மா, பொணத்துக்கா கல்யாணம்?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

அவள் வேறு தாளைத் தேடினாள். தேடும்வரை பியானோ ஓய்ந்திருந்தது. இயந்திரம் கடகடப்பது மட்டும் கேட்டது. பின்வரிசையில் சேஷகிரி ஐயர் தொண்டையைச் செருமினார். பியாட்ரிஸ் அடுக்கு முழுவதையும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஐயையோ! இப்ப இன்னா சுதிம்மா?" என்றான் ஓஸ்வால்ட்.

"எனக்கும் தெரியாது. கூடவே வா."

திரையில் ஒரு குதிரை ஓடியது. அவள் இடக்கை ஓடியது. குதிரை வேலியைத் தாண்டாமல் சட்டென்று நின்றது, கையும் நின்றது. ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் குதிரையைப் பார்த்து. அடுத்து என்ன என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாதவர்களுள் தனக்கே முதலிடம் வாய்த்திருப்பதாக அவளுக்குப் பட்டது. அந்த எண்ணம் பிடித்துமிருந்தது.

பிறகு படத்தின் துஷ்டன் மலையுச்சியிலிருந்து ஆற்றில் விழுந்தான். நீர் மூடிக்கொண்டது. ஒரு காரியம் முடிந்தால் கோவிலில் என்ன வாசிப்பாளோ அதை அவள் விரல்கள் தாமாகவே வாசித்தன.

"ஆ...மென்!" என்று பாதிக் கொட்டகை சேர்ந்து பாடியது. பலரும் அதே கோவிலில் பூசை கண்டவர்கள். இரண்டு கிழவிகள் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சேஷகிரி ஐயர் பதறி ஓடி வந்தார். "ஏன் எழுந்துக்கறா? படம் முடியலையே! உக்காருங்கோ, உக்காருங்கோ!"

அந்நேரம் துஷ்டன் ஆற்றிலிருந்து தலையைத் தூக்கினான்.

வெட்கப்பட அவகாசம் இல்லை; அவன் கரையேறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதாவது வாசித்தாக வேண்டும். பாஸ்குத் திருநாளன்று ஆண்டவர் உயிர்த்ததற்குப் பாடும் அல்லேலூயாவை அவள் முழு பலத்தோடு வாசித்தாள்.

"அடிப்பாவி, சாமியாருக்குத் தெரிஞ்சா!" என்றான் ஓஸ்வால்ட். ஆனால் பிடிலோடு அவனும் சேர்ந்துகொண்டான். கொட்டகை ஆரவாரித்ததில் முடிவுக் காட்சியின் முத்தத்தை எவரும் சரியாகப் பார்க்கவில்லை.

விளக்கு ஏற்றப்பட்டதும் சேஷகிரி ஐயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாதிப் பேர் நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டுப் போறா. இடம் உங்களுதுதான். ஒண்ணே ஒண்ணு, இன்னிக்கு வாசிச்ச மாதிரியே அப்படியே வாசிச்சுடணும்."

தலையசைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். பியாட்ரிஸ் தலையசைக்கவில்லை.

"முடியாது சார். என்ன வாசிச்சேன்னு எனக்கே ஞாபகமில்ல."

ஓஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்போ நாளைக்கு என்ன வாசிப்பேள்?"

"நாளைக்குத்தான் தெரியும். அது ஒத்து வராதுன்னா சொல்லிடுங்க. மைசூர்ல வேலை இருக்கு."

சேஷகிரி ஐயர் வாசலைப் பார்த்தார். இரண்டு கிழவிகளுள் ஒருத்தி மறுநாள் டிக்கெட்டுக்காக ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மைசூருக்கு எழுதிப் போட்டுடுங்கோ, வரலைன்னு" என்றார். "அந்த ஆமென் மட்டும், முன்னாடியே எனக்கு ஒரு ஜாடை காட்ட முடியுமா?"

"எனக்கே தெரியாது சார், எப்ப வரும்னு."