எங்கூட்டுல ஏதுங்க சத்தம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமரன் ரோட்டுக் கேமரா கடைக்குள் முருகவேல் நுழைந்தபோது அவனுக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குள் அப்பா ரத்தினசாமியைக் கோயமுத்தூரில் சேர்க்க வேண்டும். மறுநாள் ஆபரேஷன். தொண்டையில் வந்த புற்று குரல்வளையைப் பிடித்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வியாழனுக்கு அப்புறம் அப்பா இருப்பார், அப்பாவின் குரல் இருக்காது.

முருகவேலின் மனைவி சண்முகப்பிரியாவுக்கு ஏழு மாதம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் காதில் தாத்தாதான் மூன்று தடவை பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை முதலில் கேட்கிற காது குழந்தையின் காதாக இருக்க வேண்டும், பெற்றவர்களுக்குக்கூட முன்னால் தெரியக் கூடாது. சொல்கிற இடம் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால்தான். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று ரத்தினசாமி இரண்டு பெயரை மனசுக்குள் வைத்துக்கொண்டு நாலு மாதமாக மிதப்பாகத் திரிந்தார்.

அதனால்தான் ஆபரேஷன் என்றதும் அவர் பிழைப்பேனா என்று கேட்கவில்லை. “பேர் வெக்கறதுக்குள்ள பேச்சு வந்துருமுங்களா?” என்று கேட்டார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். பிறகு, “இந்தக் கரகரப்பு எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார். அப்பா மகனைப் பார்த்தார், மகன் அம்மாவைப் பார்த்தான். மூன்று பேருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே முருகவேல் முடிவு பண்ணிவிட்டான், அப்பாவின் குரலை வீடியோவில் பிடித்து வைத்துப் பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் கேட்க வைப்பது என்று.

கடையில் அந்தோணிராஜ் என்கிற தூத்துக்குடிக்காரர் இரண்டு கேமராக்களைக் கண்ணாடி மேஜையில் எடுத்து வைத்தார்.

“இது ஹெச்டி சார், இந்த வருசம் வந்தது. படம் கண்ணாடி கணக்கா இருக்கும். ஆனா வெளி மைக் சொருக வழி கிடையாது. அந்தா அது கேசட்டு போடுறது. படம் ஒரு மாத்து கம்மிதான். மைக் சொருகலாம், ஹெட்போன் மாட்டிச் சத்தம் சரியா விழுதான்னு கேட்டுக்கிடலாம்.”

முருகவேல் பனியன்காரன். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதை அவன் கண்ணாலும் கட்டை விரலாலும்தான் தீர்மானிப்பான். ஹெச்டி கேமராவை வாங்கித் தன் டீசர்ட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். சின்னத் திரையில் பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி தெரிந்தது. கழுத்துப் பட்டியும் உடம்புத் துணியும் ஒரே சாயத்தில் வந்தவை இல்லை என்பதைக்கூடக் காட்டிக் கொடுத்தது. வாங்கிய அன்றைக்கு அவன் கண்ணுக்கே தப்பிய குறை அது. கேசட் கேமராவில் டீசர்ட் வெறும் டீசர்ட்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

“இந்த ஹெச்டியையே குடுத்துருங்க.”

“எடுக்கப் போறது என்ன சார்? கல்யாணமா?”

“அப்பா பேசறதைங்க. ஊட்டுக்குள்ளதான்.”

அந்தோணிராஜ் கேசட் கேமராவை முன்னால் நகர்த்தினார். “பேச்சுன்னா அந்தக் கேசட்டு கேமராவே நல்லது சார். பக்கத்துல ஏதும் சத்தம் இருந்தா இதுல அதையும் சேத்து இழுத்துக்கிடும்.”

“எங்கூட்டுல ஏதுங்க சத்தம்?” என்றான் முருகவேல்.

மனசாரத்தான் சொன்னான். அவன் வீட்டையொட்டி ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஷெட்டில் பனியன் துணி பின்னுகிற நாலு நிட்டிங் மெசின் ஓடுகிறது. அவன் பிறப்பதற்கு முன்னால் அதே ஷெட்டில் விசைத்தறி ஓடியது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். வாடகைக்கு வீடு பார்க்க வந்த மனுசன் ஒருத்தன் வாசலோடு திரும்பிப் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற குடும்பம் அது. கணியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பிரியாவுக்கு முதல் மாதம் முழுக்கத் தலைவலி. இப்போது மெசின் நின்றால்தான் அவளுக்கு முழிப்புத் தட்டுகிறது. அந்த வீட்டில் யாரும் யாருடைய பேச்சையும் முழுசாகக் காதில் வாங்குவதில்லை. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. போன் வந்தால் கால் தானாகத் தெருவுக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படம் எடுத்தார்கள். முருகன் படம் மாட்டியிருந்த அறையில் ஜன்னலோரம் வெளிச்சம் அருமையாக விழுந்தது. அது ஷெட்டைப் பார்த்துத் திறக்கிற ஜன்னல். முருகவேல் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் பட்டனை அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். கால் மணி நேரம் கழித்து ரத்தினசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கொழந்தை வர்ற வரைக்கும் ஒருத்தரும் பாக்கக் கூடாது,” என்றார், அல்லது அப்படி உதட்டை அசைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு மாமியார் ஜானகியம்மாள் கேமராவைப் பிரியாவிடம் கொடுத்து, தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வரச் சொன்னார். ஒன்பதேகாலுக்குக் கார் வரும். பிரியா போனாள். பூசாரி மணியை ஆட்டிவிட்டு உள்ளே போன பிறகு கோயிலில் அவள் மட்டும் நின்றாள். பதிந்திருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு நொடி பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆரம்பத்தை மட்டும் பார்ப்பது, பெயர் வருவதற்குள் நிறுத்திவிடுவது. பிள்ளையாரிடம் ஒரு மன்னிப்பைப் போட்டுவிட்டு அமுக்கினாள்.

கேமராவிலிருந்து வந்த இரைச்சலுக்குப் பூசாரி கருவறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திரையில் மாமனார் இருந்தார். தாடையில் நேற்றைய வெள்ளை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. நெற்றி விபூதியில் விரல் பதிந்த கோடு தெரிந்தது. உதடு அசைந்தது. ஆனால் கேட்டதெல்லாம் மெசின். நாலு மெசினும் சேர்ந்து ஒரே மூச்சாக அரைக்கிற சத்தம். அவள் சத்தத்தைக் கூட்டினாள், மெசின்தான் கூடியது.

வீட்டுக்கு ஓட முடியாத உடம்போடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ நடந்து வந்து, ஷெட் வாசலில் நின்ற முருகவேலின் கையைப் பிடித்துத் தெருமுனைக்கே இழுத்துப் போனாள்.

“ஏனுங், தப்புத்தானுங். பாத்துப் போட்டேன். கேட்டுப் பாருங்.”

கேட்டான். மூன்று தடவை கேட்டான். கடைசித் தடவை கேமராவைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். எங்கேயாவது அடியில் அப்பா இருப்பார் என்று நினைத்தான். இல்லை.

“எத்தனை வருசமா இந்தச் சத்தத்துல இருக்கறமுங்,” என்றாள் பிரியா, அழுகையோடு. “ஒருத்தருக்கும் தோணலையே.”

அவன் காதில் அந்தோணிராஜின் குரல் ஓடியது. கண்ணியை எண்ணத் தெரிந்தவனுக்குக் காது எங்கே போயிற்று என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மணி எட்டு ஐம்பத்தஞ்சு.

ரத்தினசாமி பயணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு ஷெட்டில் மூன்றாம் நம்பர் மெசின் பக்கத்தில் நின்றிருந்தார். முருகவேல் பிரியாவோடு போய் விஷயத்தைச் சொன்னான். அவள் பார்த்துவிட்டாள் என்றதும் அவர் முகம் கடுத்தது. விரலை நீட்டிப் பிரியாவை ஏதோ கேட்டார். முருகவேல் நடுவில் வந்து நின்றான்.

“அவளைப் பேசாதீங்கப்பா. அவ பாக்காட்டிப் பேர் வெக்கற அன்னிக்கு ஊர் முன்னால மெசின் சத்தத்தைத்தான் போட்டிருப்போம். இப்பவே இன்னொருக்காப் பேசுங்க. மெசினை நிறுத்தறேன்.”

ரத்தினசாமி அவசரமாகக் கையை வீசி மறித்தார். மூன்றாம் நம்பரில் ஏற்றுமதி ஆர்டருக்கு லைக்ரா துணி பாதி ரோல் ஓடியிருந்தது. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும், சாயம் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். நடு ரோலில் மெசினை நிறுத்தாதவர் என்று பேர் வாங்கிய மனுசன் அவர்.

“ரோல் முடியட்டும்,” என்றது அவர் உதடு.

“முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கார் வந்துரும். கோயமுத்தூர்ல ரூம்ல வெச்சு எடுத்துக்கலாமா?”

“ஆஸ்பத்திரியில வெச்சுப் பேர் சொல்லுவாங்களாடா?”

அப்பாவின் பேச்சை முருகவேல் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டினான். நேரே சுவரிலிருந்த மெயின் சுவிட்சுக்குப் போனான். மதுரைப் பக்கத்து ஆப்பரேட்டர் முனீஸ் பதறிப்போய், “அண்ணே, அண்ணே, ரோலு வீணாப் போயிரும்ணே,” என்று கையைப் பிடித்தான். முருகவேல் அவன் கையை எடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரும்படி சைகை காட்டினான். பிறகு கைப்பிடியைக் கீழே இழுத்தான்.

நாலு மெசினும் முனகிக்கொண்டே சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்கேயோ ஒரு காக்கை கத்தியது. ஜானகியம்மாள் சமையலறையில் கழுவிய டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. பிரியா அப்படியே நின்றாள். ரத்தினசாமி மெசினைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு அறைக்குள் போனார். பிரியா கேமராவை ஸ்டாண்டில் வைத்து அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து அவர் ஜன்னலையும் இழுத்து மூடினார்.

யாராவது தெரியாமல் மெயினைப் போட்டுவிடக் கூடாது என்று முருகவேல் கைப்பிடியைப் பிடித்தபடி ஷெட்டிலேயே நின்றான். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் அப்பா பேச ஆரம்பித்தார்.

வார்த்தை எதுவும் புரியவில்லை, புரியவும் கூடாது. குரல் மட்டும் வந்தது. முதலில் அவன் அது அப்பா இல்லை என்றே நினைத்தான். துருப்பிடித்த தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். நாலு சொல்லுக்கு ஒரு தடவை காற்று மட்டும் வந்தது, சொல் வரவில்லை. நின்று, இருமி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்போது அவனுக்குப் பதில் தெரிந்தது. ரொம்ப நாளாக. ஒரு வருஷமாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். தினம் இரண்டடி தள்ளி நின்று அப்பாவோடு பேசியிருக்கிறான், ஆர்டர் பேசியிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான். அவ்வளவும் உதட்டைப் பார்த்துத்தான், டாக்டர் அறையில்கூட. அவர் குரல் போய்க்கொண்டே இருந்தது, பக்கத்திலேயே நின்று அவன் கேட்காமல் இருந்திருக்கிறான். கேமரா செய்த அதே காரியத்தை அவன் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தான்.

மெயின் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் உள்ளே கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், அந்த ஷெட்டில் அப்படி ஒரு கவலை யாருக்கும் வந்ததில்லை.

தெருவில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜானகியம்மாள் ஓடிப்போய் டிரைவரை அடக்கினார். ஜன்னல் திறந்தது. ரத்தினசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தன் குரல் அதிர்ச்சிதான் என்பது முகத்தில் தெரிந்தது.

“ஆச்சுடா,” என்றார். “மெசினைப் போடு.”

முருகவேல் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“அது ஓடிட்டு இருக்குதாப்பா?”

“எது?”

“கேமரா.”

ரத்தினசாமி திரும்பிப் பார்த்தார். “செகப்பா ஒண்ணு எரியுது.”

“எரியட்டும். இன்னும் ஏதாச்சும் பேசுங்கப்பா.”

“பேர் சொல்லியாச்சு. இன்னும் என்னத்தைச் சொல்ல? கார் வந்துருச்சு.”

“நிக்கட்டும். ஏதாச்சும் சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

ரத்தினசாமி மகனின் முகத்தைப் பார்த்தார். அவன் தன் உதட்டைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. கம்பியில் இருந்த அவர் கை தளர்ந்தது. தொண்டையைச் செருமினார். பிறகு, அந்தக் கரகரத்த குரலில், அவசரமே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.

“மூணாம் நம்பர்ல ஒரு ஊசி தேஞ்சு போச்சு, சாயங்காலம் மாத்தச் சொல்லு. கோடு விழுந்த எடத்தை மறைச்சு அனுப்பாத, வெட்டிப் போடு. உங்கம்மா மாத்திரை அலமாரி மேல இருக்குது. பிரியாவை நான் பேசுனதுக்குக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு. அப்பறம், முருகா…”

“சொல்லுங்கப்பா,” என்றான் முருகவேல்.