இன்னொன்று வாசித்தேன்

எங்கள் வீட்டில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொன்னதில்லை. சொன்னால் வருகிற ஆள் வழியிலேயே விழுந்துவிடுவாராம். அதனால் செத்தவரைக் கூடத்தில் கிடத்திவிட்டு, ரொம்ப முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கிளம்பி வா என்பார்கள். அம்மா போனபோது எனக்கும் அப்படித்தான் போன் வந்தது. நம்பிக்கொண்டு சென்னையிலிருந்து பஸ் பிடித்து, புவனகிரியில் இறங்கி ஒரு கிலோ சாத்துக்குடி வேறு வாங்கினேன். தெருமுனை திரும்பியதும் பந்தல் தெரிந்தது. சாத்துக்குடியோடு வந்த மகள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சொல்கிறார்கள். இனி ஏமாறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்காக நான் ஒன்றும் உத்தமி இல்லை. பெரியப்பா செத்தபோது, அன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்த தம்பி செந்தமிழ்செல்வனுக்கு அதே பொய்யை நான்தான் சொன்னேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. வயலின், செல்லோ, குழல் என்று சென்னையிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். பியானோவுக்கு விருந்தாளி நான், ஸ்ரீமதி. சொந்த ஜில்லாவில் எனக்கு அதுதான் முதல் மேடை. அப்பா வருவதாகத்தான் இருந்தது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவருக்குக் கண்டக்டர் என்று பெயர் என்றதும், "டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாரா?" என்று கேட்டு அவரே சிரித்தார். ஆனால் காலையில் நெஞ்சு பாரமாக இருக்கிறது, வாயுவாக இருக்கும், நீ நல்லா வாசி என்று போனில் சொல்லிவிட்டார்.

பியானோ புதுச்சேரியிலிருந்து வேனில் வந்திருந்தது. கடற்காற்றில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பவில்லை. அதைச் சரி செய்கிறவர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது, மூன்றேகால் மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலக்கா. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்துருக்கோம். நீ ஒடனே கெளம்பி வா."

அவன் குரல் உடைந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் இன்னும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். சரிடா, கிளம்புகிறேன் என்று சொல்லி போனை சைலன்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன்.

அப்பா போய்விட்டார் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. போன உயிர் போனதுதான், இரண்டு மணி நேரம் முன்னால் போய் நான் எதை நிறுத்தப்போகிறேன்? வெளியே சனம் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. நாற்பது பேர் ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால், வாசலில் என்னைக் கண்டதும் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவார்களே, அதற்குப் பயந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு கச்சேரி கிடைத்தது.

நாலு இருபதுக்கு மேடை ஏறினேன். நடத்துபவரின் கையைப் பார்த்தேன், என் கைகள் வாசித்தன. மெதுவான இரண்டாம் பகுதியில் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கட்டை எழும்புகிறதா என்பது மட்டுமே கவலையாக இருந்தது. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டி, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். அவசரம் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். மணி ஐந்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. இன்னொன்று வாசித்தேன். பிறகு பொன்னாடை, பேச்சு, போட்டோ. எல்லாவற்றுக்கும் நின்றேன்.

கார் டிரைவரிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லவே இல்லை. நேராகப் புவனகிரிக்கு, எங்கள் தெருவுக்கு விடச் சொன்னேன். வழியில் போனை எடுத்தேன். தம்பி பதினொரு முறை கூப்பிட்டிருந்தான். எல்லாம் ஐந்து மணிக்கு முன்னால். பந்தல்காரன், ஐஸ் பெட்டி என்று ஏதாவது கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனை திரும்பியபோது பந்தல் இல்லை. நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை. எங்கள் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ராசம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்தார்.

"இங்க ஏம்மா வந்த? மத்தியானமே ஆம்புலன்ஸ்ல சிதம்பரம் கொண்டுகிட்டு போயிட்டாங்களே. ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டே போனாரு."

சிதம்பரம் எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரும் நான் அப்பாவை உயிரோடு வைத்திருந்தேன். சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அஞ்சு மணிக்குப் போய்விட்டார் என்றான். அதுவரை நினைவு இருந்ததாம். அக்கா எங்கே வருது என்று நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டாராம். நான் போன் எடுக்கவில்லை, அதனால் இவனே மணியைப் பார்த்துப் பார்த்து ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறான். ஆலப்பாக்கம் வந்துடுச்சு, புதுச்சத்திரம் தாண்டிடுச்சு என்று.

"கடசியா நீ முட்லூர் வந்துட்டன்னு சொன்னேங்க்கா. சரின்னு தலைய ஆட்டுனாரு. அதோட போயிட்டாரு. சாவற மனுசன்கிட்ட போயி பொய் சொல்லிட்டேன்."

அவனுக்கு நாற்பது வயது. அழுதுகொண்டிருந்தான். என் மேல் எனக்கு வந்த வெறுப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கச்சேரியை முடித்துவிட்டு வந்ததைச் சொல்லலாம். நீ சொன்னதைத்தான் நான் நம்பவில்லை என்று சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொய் இல்லடா. அஞ்சு மணிக்கு முட்லூர்லதான் இருந்தேன். அங்கதான் வண்டி நின்னுபோச்சு. போன் பைக்குள்ள சைலன்ட்ல கெடந்துச்சு, நீ கூப்ட்டது தெரியல."

அவன் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தான்.

"நெசமாவா? அப்ப நா சொன்னது சரிதானாக்கா?"

"சரிதான்" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் கையைப் பிடித்து, அப்பாவைப் பார்க்க உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.