கன்றோடு நிற்கும் மாடுகள்

என் பட்டம் மாதா வாங்கித் தந்தது என்று சிசிலி அன்ரி சொன்னபோது கோயில் மண்டபத்தில் என் கையில் றோல்ஸ் பலகாரத் தட்டு இருந்தது. ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு. தட்டைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னனீங்கள் அன்ரி?"

"உனக்குத் தெரியாதே? உன்ர கொம்மா நேர்த்தி வைச்சவவெல்லோ. சுவிஸில ஒரு மலையில மாதா கோயில் இருக்கு. உன்ர படிப்பு நல்லபடி முடிஞ்சா அடியில இருந்து நடந்து ஏறுறன் எண்டு. மாதா தந்திட்டா. இனிக் கொம்மா ஏறவேணும்."

"அப்ப சோதினையும் மாதாவோ எழுதினவ?"

"இவளின்ர வாயைப் பார்!" என்று அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "றொஷினி, உனக்கு எல்லாம் பகிடி."

எனக்குப் பகிடி இல்லை. மண்டபத்தின் மறுமுனையில் அம்மா கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எமல்டா என்றால் பங்கில் எல்லாருக்கும் தெரியும். எந்த விழா என்றாலும் தேநீர் அவர் பொறுப்பு. நாங்கள் பேசியது கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். புவியியல் படித்தேன். எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. பிரெஞ்சில் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரவும் ஆளில்லை. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பியர் போத்தல் அடுக்கிவிட்டு, அதே கையோடு வந்து படித்தேன். அப்போதெல்லாம் மாதா எங்கே நின்றார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இப்போது எனக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை. வழிகாட்டி இல்லாமல் ஆல்ப்ஸ் மலைகளில் தாங்களாகவே நடக்கப் போகிறவர்களுக்கு வழிக்குறிப்பு எழுதுவது. பாதை எங்கே பிரிகிறது, மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும்போது எந்தப் படலையைத் திறந்து மறக்காமல் சாத்த வேண்டும், எந்த வேலியில் கரண்ட் ஓடுகிறது, எந்தத் தொட்டியில் வரும் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். நான் ஆல்ப்ஸைக் கண்ணால் கண்டதில்லை. வரைபடத்தையும், போய் வந்தவர்கள் அனுப்பும் படங்களையும் பார்த்துத்தான் எழுதுகிறேன். "நீ நடந்து பார்த்தவள் மாதிரியே எழுதுகிறாய்" என்பார் என் மேலாளர் ஜெனவியேவ். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்.

அம்மாவுக்கும் புவாண்ட்-கிளேரில்தான் வேலை. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். காலையில் எங்கள் வீடு இருக்கும் லாசாலில் இருந்து ஒரே பஸ்ஸில் போவோம். அம்மா கிடங்கு வாசலில் இறங்குவார். நான் அடுத்த தரிப்பில். நான் படித்த படிப்பெல்லாம் என்னை ஒரு பஸ் தரிப்புத் தூரம்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இதை நினைக்காத காலை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லாமத்தானே மாதாட்டப் போனீங்கள்?"

"இப்ப ஏன் கத்துறாய்? ஆவணி பதினைஞ்சாம் திகதி மாதாவின்ர விண்ணேற்புத் திருநாள். சுவிஸில றோசா அக்கா வீட்டில நிக்கலாம். நான் லீவு கேட்டிட்டன். நீயும் வா. ஆருக்காக வைச்ச நேர்த்தியோ அவையும் வந்தாத்தான் அது முழுசா நிறைவேறும்."

"நான் வரேல்லை. நான் வைக்காத நேர்த்திக்கு நான் ஏன் நடக்க?"

அம்மா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து பின்னேரங்களில் கால்வாய்க் கரையோரம் நடக்கப் போய்க்கொண்டிருந்தார். சீனி வருத்தத்துக்காக என்று நான் நினைத்திருந்தேன். மலை ஏறுவதற்கான பயிற்சி அது! லாசால் தோசைக்கல் மாதிரித் தட்டையான இடம். அங்கே நடந்து ஆல்ப்ஸுக்குப் பழகுகிறாராம்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோயிலைத் தேடினேன். அது இருந்த பள்ளத்தாக்கின் வழிகளும் எங்கள் கணினியில் இருந்தன. பள்ளத்தாக்கின் அடியில் ஒரு ஊர். அதிலிருந்து காடு, காட்டுக்கு மேல் படிப்படியாக மூன்று மேய்ச்சல் நிலங்கள், கடைசிப் புல்வெளியின் விளிம்பில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. எனக்கு முன் இருந்த யாரோ இந்த வழிக்கு "இலகு" என்று போட்டிருந்தார்கள். வரைபடத்தில் ஏற்றத்தைக் காட்டும் உயரக்கோடுகளைப் பார்த்தேன். தலைமயிர் போல நெருங்கிக் கிடந்தன. எங்கள் நகரத்துக்கு நடுவில் நிற்கும் மோன்-றுவாயல் மலை நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம்.

அடுத்த நாள் விடிய, வேலைக்குப் போகுமுன் றோசா பெரியம்மாவை வீடியோவில் அழைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார்.

"உதுக்கேன் அடிபடுறியள்? கேபிள் கார் இருக்கெல்லோ" என்றார் பெரியம்மா. "இஞ்ச நாங்கள் எல்லாரும் அதிலதான் போறனாங்கள். சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு போய், பூசை முடிய மாட்டுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டிட்டு வருவம். மாதா ஒண்டும் சொல்லமாட்டா."

"சொல்லமாட்டா எண்டதுக்காக ஏமாத்தலாமே அக்கா?" என்றார் அம்மா.

அழைப்பு முடிந்ததும் என்னிடம் திரும்பினார். "பிள்ளை, அந்தப் பாதை உன்னட்ட இருக்கெல்லோ. அதைப் பதினாலாப் பிரிச்சுத் தா."

"ஏன் பதினாலு?"

"சிலுவைப்பாதையின்ர பதினாலு நிலை மாதிரி. ஒவ்வொரு நிலையிலயும் நிண்டு செபம் சொல்லி, இளைப்பாறி இளைப்பாறி ஏறுவன்."

"தவக்காலத்துச் சிலுவைப்பாதையை ஆவணியில ஆரம்மா செய்யிறது?"

"சிசிலியும் உதைத்தான் கேட்டவ. மலையில ஏறிறதுக்கு ஒரு கணக்கு வேணும்தானே."

கோபம் கோபமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிரித்தேன். என் வேலை அது. ஒரு பாதையைக் கண்டால் கை சும்மா இராது. ஊர் எல்லையில் முதலாவது. காட்டுக்குள் செங்குத்தாக ஏறும் இடத்தில் மூன்றாவது, ஆண்டவர் முதல் முறை விழுகிற நிலை. முதல் மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் மரத்தொட்டி இருந்தது. அங்கே ஆறாவதை வைத்தேன், வெறோனிக்கா முகம் துடைக்கும் நிலை. அம்மாவுக்கு அது சரியான சந்தோஷம். "முகம் கழுவலாம்" என்றார். நான் எழுதிய எந்தக் குறிப்பையும் இதுவரை யாரும் இப்படி ரசித்ததில்லை.

அந்தக் கிழமைதான் இதே வழியின் குறிப்புக்காக ஜெனவியேவோடும் சண்டை. "இரண்டாவது மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் மாடுகள் முட்டக்கூடும், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், மேலே சுற்றிப் போங்கள்" என்று எழுதியிருந்தேன். அவர் அதை அழித்துவிட்டு "வழியில் சாதுவான மாடுகளைக் காணலாம்" என்று போட்டிருந்தார். வாடிக்கையாளர் பயப்படுவார்களாம். நான் என் வசனத்தைத் திரும்பப் போட்டேன். அவர் திரும்ப அழித்தார். நான் திரும்பப் போட்டேன். ஏறப்போவது என் அம்மா என்று அவரிடம் சொல்லவில்லை. யார் அம்மா ஏறினாலும் மாடு முட்டும்.

சனிக்கிழமை அம்மாவை மோன்-றுவாயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏலாது என்று அவரே கண்ணால் காணட்டும், இந்தக் கதை அத்தோடு முடியட்டும் என்பதுதான் என் எண்ணம். பீல் மெட்ரோவில் இறங்கி, வீதி ஏற்றம் முழுவதும் நடந்து, மலைக்குள் போய், அந்த நீண்ட மரப்படிக்கட்டில் ஏறினோம். அம்மா கைப்பிடியைப் பிடித்து, வாய்க்குள் செபம் சொல்லி, நின்று நின்று ஏறினார். காதில் பாட்டோடு ஓடுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு முந்திப் போனார்கள். உச்சியில் நகரம் முழுவதும் தெரிந்தது. அம்மாவின் முகம் சிவந்து, வியர்த்து, வென்றுவிட்ட முகமாக இருந்தது.

"பாத்தியே? சும்மா வெருட்டினாய்."

எனக்குத்தான் மூச்சு இளைத்தது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறவள் நான்.

இறங்கத் தொடங்கினோம். சில படிகள்தான் போயிருப்போம். "மாதாவே" என்ற சத்தம். திரும்பினேன். அம்மா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை அந்தரத்தில் வைத்தபடி நின்றார். அடுத்த படியில் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டாக இறங்கப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. அப்படியே படியில் குந்திவிட்டார்.

"முழங்கால். ஏறேக்கை ஒண்டும் செய்யேல்லை. இறங்கேக்கைதான் உயிர் போகுது."

கிடங்கில் வருடக்கணக்காகச் சீமெந்துத் தரையில் நின்ற முழங்கால். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "அங்க ஏறிப்போட்டு என்ன செய்யப்போறீங்கள்? இறங்காம மாட்டுக்காரரோடயே இருக்கப்போறீங்களோ, சீஸ் செய்துகொண்டு?"

"பெட்டி அடுக்கிறதை விட நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"படிச்சது நான் அம்மா. ஏன் அதை மாதாவுக்குத் தூக்கிக் குடுத்தீங்கள்? சிசிலி அன்ரி பங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறா."

"சிசிலிக்கு நான் முழுக்கச் சொல்லேல்லை." அம்மா முழங்காலைத் தேய்த்தார். "ரெண்டாம் வருசம், கோடை லீவுக்கு என்னோட கிடங்கில வந்து நிண்டனி. ஞாபகம் இருக்கே?"

மறப்பேனா. மேற்பார்வையாளனுக்கு என் வேலை பிடித்திருந்தது. நிரந்தரமாக நில் என்றான். பாடம் வேறு மண்டைக்குள் ஏறாத வருடம். சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவிடம், "நான் படிப்பை விடப்போறன், இஞ்சயே நிக்கப்போறன்" என்றேன். அம்மா தோடம்பழத்தை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினார். ஒரு சொல் சொல்லவில்லை. நான் படித்தாலென்ன விட்டாலென்ன, இவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று அன்று நினைத்தேன். அந்தக் கோபத்தை இன்று வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அண்டைக்கு வீட்டை வர, றோசா அக்கா அந்தக் கோயிலின்ர வீடியோ ஒண்டை அனுப்பியிருக்கிறா. பச்சைப் புல்லு, மாடுகள் மணி கட்டி மேயுது, மேல சின்னக் கோயில். நான் கேட்டது ஒண்டுதான். இவள் எனக்குப் பக்கத்தில அந்த லைனில வந்து நிக்கக்கூடாது. சோதினை பாஸ் பண்ணுறது உன்ர கெட்டித்தனம். அதுக்கேன் நான் மாதாவைக் கரைச்சல்படுத்த?"

"திரும்பிப் போனதும் நான்தான். செப்டெம்பரில நானா முடிவெடுத்துப் போனனான். மாதா வந்து என்னை எழுப்பிவிடேல்லை."

"ஓம், நீதான். இல்லையெண்டு சொன்னனானே? ஆனா நான் பயந்தனான். அந்தப் பயம் என்ர. அதுக்குத்தான் நான் நடக்கிறன். நீ வா, வராட்டி விடு."

"அதை அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா? நான் போ எண்டா நீ போகமாட்டன் எண்டு நிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதே?"

அம்மா சொன்னது சரி. அன்று அவர் "படி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் அந்த லைனில்தான் நின்றிருப்பேன், அவரைத் தோற்கடிப்பதற்காகவே.

கீழிருந்து வந்த ஒரு கிழவர் "போன்ஜூர்" என்று எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனார். வழி விட்டு ஒதுங்கினோம்.

"அம்மா, நேர்த்தியில என்ன சொன்னனீங்கள்? அதே சொல்லைச் சொல்லுங்கோ."

"அடியில இருந்து நடந்து ஏறுறன் எண்டு."

"இறங்கிறதைப் பற்றி?"

"இறங்கிறதைப் பற்றி ஆர் யோசிச்சது!"

"அப்ப ஏறுவம். இறங்கேக்கை கேபிள் கார்."

அம்மா கீழே போகும் படிகளைப் பார்த்தார். பாதி மலையை ஏமாற்றுவது பாவமா இல்லையா என்று அவர் மனம் நிறுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அது கள்ளம் இல்லையே?"

"பெரியம்மா ஆக்கள் போகவும் வரவும் கேபிள் கார். மாதா முதலில அவையைப் பிடிக்கட்டும்."

அம்மா கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். இறங்கி வந்த அந்தச் சில படிகளையும் திரும்ப மேலே ஏறினோம். ஏறும்போது உண்மையிலேயே நோகவில்லை. உச்சியிலிருந்து மலைமேலேயே உள்ள குளத்தடி வரை அதிகம் சரிவில்லாத பாதை. அங்கே பதினோராம் நம்பர் பஸ் வரும். மலையிலிருந்து எங்களை மெட்ரோ வாசலுக்கே இறக்கிவிடும்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"அப்ப நீ வாறியோ?"

"நேர்த்திக்கு வரேல்லை. அந்தக் குறிப்பு எழுதினவள் நான். சரியோ பிழையோ எண்டு நடந்து பாக்கவேணும். 'இலகு' எண்டு போட்டு வைச்சிருக்கினம்."

"சரி, அதுக்கு வா."

"சிசிலி அன்ரிக்கும் உள்ளதைச் சொல்லுங்கோ. அடுத்த ஞாயிறே. மண்டபத்தில வைச்சு."

"சொல்லுறன்டி, சொல்லுறன்." ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தார். "அங்க மாடு முட்டுமே?"

"சும்மா முட்டாது. கண்டோட நிண்டா முட்டும்."

"அது முட்டத்தானே வேணும்" என்றார் அம்மா.

"முட்டட்டும். நாங்கள் மேலால சுத்திப் போவம்."

பஸ் வளைவில் திரும்பிக் கீழே இறங்கியது. அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அந்தத் தொட்டி எத்தனையாம் நிலை என்று மறுபடியும் கேட்டார்.