குளியல் தொட்டிக்கு வந்த கடல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்புவதிலேயே போய்விடும். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். மூவரும் பேசிக்கொள்வது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டில்தான். பிழைக்க வந்த ஊரில் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மூச்சுவிடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில், கடற்கரையில் மட்டும். கடல் ஒதுக்கிப் போட்டதைப் பொறுக்குவது குடும்பப் பொழுதுபோக்கு.

அதற்கும் முறை உண்டு. நீர் வற்றத் தொடங்கிய பிறகு போக வேண்டும். அலை எட்டிய இடத்தில் பாசி ஒரு கோடாகக் கிடக்கும். லேசான சாமான் அந்தக் கோட்டிலேயே கிடைக்கும், கனமானது சற்றுக் கீழே. எடுத்ததை அப்படியே காயவைக்கக் கூடாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சாமான் ஆயுசுக்கும் பிசுபிசுக்கும். அதனால் குளியல் தொட்டியில், நல்ல தண்ணீரில், ஒரு வாரம் ஊற வேண்டும். குளிப்பவர்கள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் குளிப்பார்கள்.

அப்படித்தான் அந்த ஆரஞ்சு உருண்டையும் ஊறியது. தேங்காய் அளவு, மேலெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. "வலை மிதவை, சந்தேகமே வேணாம்" என்று சொல்லித்தான் மெக்கானிக் எடுத்துவந்தார்.

அது கடல் ஆராய்ச்சி நிலையம் நீரோட்டத்தை அளக்க விட்ட கருவி. தான் இருக்கும் இடம், உயரம், ஆட்டம், நீரின் சூடு, உப்பு எல்லாவற்றையும் நிமிடத்துக்கொரு தரம் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் நிலையத்து அதிகாரி வரைபடத்தோடு வந்து நின்றார். அந்த நாட்டு மொழி மகளுக்குத்தான் சரளம்.

"அப்பா, இவங்க மேப்புல ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கடல் கரையேறி மெயின் ரோட்டுல போச்சாம். ரெண்டு சிக்னல்ல நின்னுச்சாம்."

"அப்புறம்?"

"நாலு மாடி ஏறிச்சாம். ஒரு குலுக்கல்கூட இல்லாம."

மெக்கானிக்குக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைப் போன மாதம் சரிசெய்தவர் அவர்தான்.

"மேல வந்ததும் உப்பே போயிடுச்சாம். தினமும் காலையில சூடாகுதாம். வெந்நீர் ஊத்துன்னு தேட ஒரு கப்பலே கிளம்பிடுச்சாம்."

"ஐயோ, அது நான் குளிச்ச வெந்நீர்டி! மானத்தை வாங்காத" என்றாள் மனைவி.

மெக்கானிக் கையைப் பிசைந்தார். "தெரியாமப் பண்ணிட்டோம்னு சொல்லு. உருண்டையை எடுத்துட்டுப் போகட்டும். கடற்கரைக்கு மட்டும் வராதீங்கன்னு சொல்லிட வேணாம்னு கேளு."

அதிகாரி படிவத்தை விரித்தார். கருவி இருக்கும் இடம் என்பதற்கு நேராக இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: கப்பல், கடல். தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். கப்பல் மாதிரித் தெரியவில்லை. கடலுக்கு நேராக டிக் போட்டார்.

"கடல்ல இருக்கிற கருவியைத் தொடக் கூடாதாம். பேட்டரி தீர ஆறு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் நாமளும் கடற்கரைப் பக்கம் போகக் கூடாதாம். இன்னும் பத்து உருண்டை மிதக்குதாம், நம்மளை நம்ப முடியாதாம்."

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. "ஆறு மாசமா? அப்போ ஞாயித்துக்கிழமை?"

அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. இன்னொரு தாளை நீட்டினார்.

"இந்தக் கடல் எப்போ ஏறும், எப்போ வத்தும்னு எழுதித் தரணுமாம்."

மெக்கானிக் தொட்டியைப் பார்த்தார். பெரிய கடலுக்கு நிலா வேண்டும். இதற்குக் குழாயும், அடியிலிருக்கும் ரப்பர் அடைப்பானும் போதும். பேனாவை வாங்கி எழுதினார்: ஏற்றம், சனி மாலை. வற்றுவது, ஞாயிறு காலை ஏழு மணி. அதிகாரி முத்திரை குத்தினார்.

ஞாயிறு ஏழு மணிக்கு மூவரும் தொட்டியைச் சுற்றி முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் அடைப்பானின் சங்கிலியை இழுத்தார். உருண்டை ஒரு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"மெதுவா விடுங்க" என்றாள் மனைவி. "எங்க சூப்பர்வைசர் பண்ணின கூத்தை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மெக்கானிக் அடைப்பானைப் பாதி மூடினார். பாதித் துளை வழியே தொட்டி வற்ற முக்கால் மணி நேரம் பிடிக்கும்.